பிளேடு கனம்

ஷெட்டுக்கு வெளியே, கழற்றிப் போட்ட டிரெய்லர் டயர்களின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மொத்தம் பதினான்கு பேர். காலை ஏழரைக்கே வரச் சொல்லியிருந்தார்கள்; இப்போது மணி பதினொன்று. ஒவ்வொருவர் கையிலும் கன்டெய்னர் யார்டின் முத்திரையோடு எண் குத்திய காகிதத் துண்டு. நீலமேகத்தின் உள்ளங்கை வியர்வையில் அந்த நீல எண் பாதி கரைந்து தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய எண் பதிமூன்று. பக்கத்து டயரில் உட்கார்ந்திருந்த அவருடைய மாப்பிள்ளை அறிவின் எண் பதினான்கு.

காலையில் கேட்டுக்கு முதலில் வந்தவன் அறிவுதான். மாமனார் சைக்கிளை நிறுத்திவிட்டு வருவதைப் பார்த்ததும் வரிசையை விட்டு விலகி, அவர் நின்ற பிறகு அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஆறு வருஷமாக இருவருக்கும் ஒரே ஷெட்டில் வேலை. நீலமேகமும் தன் பங்குக்கு ஒரு முறை வைத்திருந்தார். மாப்பிள்ளையை அவர் எந்த வேலையும் ஏவமாட்டார். வண்டிக்கடியில் படுத்திருக்கும்போது ஸ்பானர் தேவைப்பட்டால், அறிவு ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தாலும், தானே வெளியே ஊர்ந்து வந்து எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போவார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடம். 'அதை எடு, இதைப் பிடி' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சொல்லியே ஆகவேண்டியதை இருவரும் மூன்றாவது ஆள் வழியாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் சாவியோ.

சாவியோ இப்போது ஷெட்டின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். அவனுடைய எண் பன்னிரண்டு.

"இன்னாடா கேட்டாங்க?" என்று நான்கைந்து பேர் எழுந்தார்கள்.

"அதேதான். ஸ்பார்க் பிளக்கு." சாவியோ டயரில் பொத்தென்று உட்கார்ந்தான். "மேடம், பத்தொம்போது வருசமா டீசல் டிரெய்லர கயட்டிகினு கீறேன், டீசல் வண்டில பிளக்கு எங்க கீதுன்னு நீயே ஒரு தபா காட்டிடுன்னேன். அந்தம்மா சிரிக்கவே இல்ல நைனா. பேப்பர் மேலேந்து வந்துச்சாம், அதுக்கு ஒண்ணும் தெரியாதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுபோனது.

பத்து நாளைக்கு முன்னால் யார்டின் வண்டி பராமரிப்பு வேலை புதிய கம்பெனியின் கைக்குப் போனது. பழைய காண்ட்ராக்டர் போகிற போக்கில் எல்லோருடைய அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு போனான். இதுவரை நான்கு காண்ட்ராக்டர்கள் மாறியிருக்கிறார்கள்; ஒவ்வொரு முறையும் பழைய ஆட்களே புதிய அட்டையோடு அதே ஸ்பானரை எடுத்துக்கொண்டு அதே வண்டிக்கடியில் படுத்தார்கள். இந்த முறை அப்படி இல்லை. ஒன்பது பேர் போதும் என்றார்கள். அந்த ஒன்பது பேர் யார் என்பதைப் பரீட்சை முடிவு செய்யும் என்றார்கள். காலையில் கைக்கணினியில் ஐம்பது கேள்வி. அது முடிந்து இப்போது செய்முறை. எல்லா ஊர் மெக்கானிக்குகளுக்கும் பொதுவாக அடித்த தாளில், பெட்ரோல் காருக்கு ஏற்ற பிளக்கைத் தேர்ந்தெடுத்து, அதன் முனை இடைவெளியான கேப்பை மில்லிமீட்டர் கணக்கில் அளவு வைத்து மாட்டி, வண்டியைக் கிளப்ப வேண்டும் என்று இருந்தது. யார்டில் இருந்த ஒரே பெட்ரோல் வண்டி, கேட் பாஸ் கட்டுகளையும் சாப்பாட்டு கேரியர்களையும் ஏற்றிப்போகும் பழைய வெள்ளை மாருதி.

"பதினொன்னுன்னு கடைசில நம்பர் போட்ட பிளக்க எடு," என்று சாவியோ குரலைத் தாழ்த்தினான். "கேப்பு ஒன்னு புள்ளி ஒன்னு. வண்டிய ஸ்டார்ட் பண்ணு. டிக்கு போட்டுடும். மொதோ ஆளு தப்பா வெச்சான் பாரு, அவன்கிட்ட அந்தம்மாவே விடைய சொல்லிட்ச்சி."

"அது இந்த வண்டிக்குச் சேராது," என்றார் நீலமேகம்.

"வண்டிக்கு சேரலன்னா இன்னா நைனா? பேப்பருக்கு சேந்தா போதும்."

"அது இஞ்செக்‌ஷன் வண்டிக்கு உண்டான கேப்பு. இது கார்புரேட்டரு. அதுவும் காயிலு கெயடாயிட்ச்சி. ஒன்னு புள்ளி ஒன்னு வெச்சா நிக்கசொல்லோ ஓடும். மேடு ஏறசொல்லோ வுட்டு வுட்டு அடிக்கும்."

அறிவு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு போல்ட்டைக் காலால் இப்படியும் அப்படியும் உருட்டினான். பிறகு, மாமனார் முழங்கை தன் முழங்கையில் உரசும் தூரத்தில் இருக்க, சாவியோவைப் பார்த்துச் சொன்னான்.

"சாவியோண்ணா, மாமாகிட்ட சொல்லு. இன்னிக்கு ஒரு நாளு பேப்பர்ல கீற மாதிரியே வெச்சுட சொல்லு."

சாவியோ நீலமேகத்தின் பக்கம் திரும்பினான். "கேட்டியா நைனா, மாப்ள சொல்றாரு."

"தெரிஞ்சே தப்பா வெக்க என் கை வராதுன்னு மாப்ளைக்குச் சொல்லு."

"இது ஒரு பேஜாரு," என்று சாவியோ தலையில் கைவைத்துக்கொண்டான். "ரெண்டு பேருக்கும் நடுவுல டெலிபோன் கம்பி மாதிரி என்னைய கட்டி வெச்சிக்கிறாங்கப்பா."

உள்ளேயிருந்து சூப்பர்வைசர் பக்தவச்சலம் குரல் கொடுத்தார். "பதிமூணு!"

நீலமேகம் எழுந்து, சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ஷெட்டின் நடுவில் மாருதி பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. பக்கத்து மேசையில் ஒரு தட்டில் மூன்று வகைப் பிளக்குகள் தனித்தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. அளவு பார்க்கும் பீலர் கேஜ் எண்ணெய்ப் பூச்சு போகாமல் புதிதாக இருந்தது. நர்மதா என்று கழுத்து அட்டையில் பெயர் போட்ட இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண், கைக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து நின்றே இருந்ததால் செருப்பிலிருந்து ஒரு காலை எடுத்து மறு காலின் மேல் வைத்திருந்தாள். அவரைக் கண்டதும் சரியாக நின்றுகொண்டாள்.

"வாங்க. இந்த வண்டிக்கு எந்தப் பிளக்குன்னு எடுத்து, கேப் வெச்சு, மாட்டி ஸ்டார்ட் பண்ணணும். பத்து நிமிஷம்."

நீலமேகம் முதல் வகையைத் தொடவே இல்லை. அது இருசக்கர வண்டிக்கானது, மரை குட்டை. மற்ற இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஒன்றின் வெள்ளைப் பீங்கானில் எண்ணுக்குப் பின்னால் பதினொன்று என்று வால்போல ஒட்டியிருந்தது. அவர் வால் இல்லாததில் மூன்றை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து சிறு துணி மடிப்பை எடுத்துப் பிரித்தார். உள்ளே விரல் நீளத்துக்கு உடைந்த, இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு. பற்கள் தேய்ந்து மழுங்கி, நடுப்பகுதி மட்டும் கண்ணாடிபோல மின்னியது.

"இது என்ன?"

"கேப்பு வெக்கிற பிளேடும்மா."

"கேஜ் கொடுத்திருக்கோமே."

"கேஜுல பொடி எழுத்து எனக்குத் தெரியல. இது கைக்குத் தெரியும்."

பிளக்கின் முனையில் வளைந்திருக்கும் கம்பியை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். பிளேடை நுழைத்தார். நுழைந்தது, இழுக்கும்போது லேசாக உரசியது. ஒரு மயிரிழை திறந்தார். மறுபடி நுழைத்து இழுத்தார். மூன்றுக்கும் அப்படியே செய்துவிட்டு அவளிடம் நீட்டினார். "இப்ப நீங்க அந்தக் கேஜுல போட்டுப் பாருங்க."

நர்மதா தகடுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தாள். மூன்றிலும் ஒரே தகடுதான் போனது. "எல்லாமே பாயிண்ட் ஏழு," என்றாள், கொஞ்சம் ஆச்சரியமாக. பிறகு கைக்கணினியைப் பார்த்தாள். "ஆனா இதுல ஒன்னு புள்ளி ஒன்னுன்னுதான் இருக்கு."

அவர் வெளியே சாவியோவிடம் சொன்னதையே இவளிடம் மரியாதையாகச் சொன்னார். பிளக்குகளை மாட்டி வண்டியைக் கிளப்பினார். இன்ஜின் சத்தம் ஒரே சீராக, பாய் விரித்ததுபோல வந்தது.

"நல்லாத்தான் ஓடுது," என்றாள் நர்மதா. "ஆனா இதுக்கு முன்னாடி பதினோரு பேர் ஒன்னு புள்ளி ஒன்னு வெச்சும் ஓடிச்சே."

"நிக்கிற வண்டி எப்டி வெச்சாலும் ஓடும்மா. ஏசி போட்டு மேடு ஏத்திப் பாருங்க."

அவள் பக்தவச்சலத்தைப் பார்த்தாள். நான்கு காண்ட்ராக்டர்கள் மாறியும் நாற்காலி மாறாதவர் அவர். "வண்டி கேட்ட தாண்ட பாஸ் போடணும் மேடம். அது சாயங்காலம்தான். நீங்க மெட்ரோவுக்குப் போகசொல்லோ போட்டு வெச்சிருக்கேன்," என்றார்.

நர்மதா தள்ளிப்போய் யாரோடோ போனில் பேசினாள். "சார், அவர் சொல்றதுல விஷயம் இருக்கிற மாதிரி தெரியுது" என்பது கேட்டது. அதன்பின் "ஓகே சார், ஓகே சார்" மட்டும்தான் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"விடையில இருக்கறதுக்குத்தான் மார்க் போடணுமாம். நீங்க வேணும்னா இப்பவே மாத்தி வெச்சிடுங்க. இன்னொரு சான்ஸ் நான் தரேன்."

"இருபத்திரண்டு வருஷமா இந்த ஷெட்ல கீறேம்மா," என்றார் நீலமேகம். "வருசா வருசம் ஆயுத பூஜைக்கு இந்த வண்டியக் கழுவி, பிளக்கு மாத்தி, பொட்டு வெச்சது நான்தான். வேணாம்."

அவள் திரையிலிருந்து விரலை எடுத்தாள். "சரி. நான் ஒண்ணு செய்யறேன். சாயங்காலம் இந்த வண்டியிலதான் விம்கோ நகர் மெட்ரோவுக்குப் போறேன். கடைசி ஆள் வெச்ச பிளக்குதான் அதுல இருக்கும். நீங்க சொன்ன மாதிரி வண்டி திணறினா, நான் கண்ணால பார்த்ததுன்னு குறிப்பு எழுதிடுவேன். இன்னிக்கு ராத்திரி வரைக்கும் எழுதலாம். எழுதினா இந்தக் கேள்வியத் திரும்பப் பார்த்தே ஆகணும். திணறலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"அது போதும்மா," என்றார் அவர்.

அவருடைய பிளக்குகளைக் கழற்றித் தட்டில் போட்டார்கள். கையெழுத்து வாங்க அவரை மேசையோரம் நிற்கவைத்திருந்தபோதே அறிவு உள்ளே வந்தான். அவன் தட்டை ஒரு கணம் பார்த்தான். வால் இல்லாத பிளக்கின் பக்கம் கை போனது. அவனுக்குத் தெரியும். ஆறு ஆயுத பூஜைக்கும் பக்கத்தில் நின்று பார்த்தவன். பிளேடு உரசும் சத்தத்தைக்கூட அறிந்தவன். கை நகர்ந்து பதினொன்று போட்டதை எடுத்தது. கேஜில் ஒன்று புள்ளி ஒன்று தகடைப் பிரித்தான்.

"ஒரு நிமிஷம்," என்றாள் நர்மதா. "முன்னாடி வந்தவர் பாயிண்ட் ஏழுதான் சரிங்கறார். நீங்களும் இந்த வண்டியப் பாத்திருப்பீங்க இல்ல? எது சரி?"

அறிவு தகடையே பார்த்தான். "பேப்பர்ல கீறதுதான் மேடம் கரெக்டு."

"அவர் உங்க மாமனார்னு சொன்னாங்களே."

"ஆமா மேடம். அவுரு பழைய ஆளு."

நீலமேகம் கையெழுத்தைப் போட்டு முடித்தார். பேனாவை மூடி, மேசைமேல் நேராக வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

மூன்று மணிக்கு கேட்டருகே பட்டியலை ஒட்டினார்கள். சாவியோ நான்காவது. ஒன்பதாவது அறிவு. ஒன்பதுக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே முதல் பெயர் நீலமேகம். அறிவைவிட இரண்டு மார்க் குறைவு. பக்தவச்சலம் பல்குத்தும் குச்சியோடு வந்து அவருக்குப் பின்னால் நின்றார்.

"அந்தப் பொண்ணு ஏதோ எழுதறேன்னிச்சாமே. எழுதட்டும். உம்பேரு மேல ஏறிச்சின்னா ஒம்போதாவது பேரு கீழ எறங்கும். அது யாருன்னு நல்லாப் பாத்துக்கோ நீலமேகம்."

நீலமேகம் தன்னுடைய சாமான் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். காலையில் புதிய கம்பெனியோடு வந்திறங்கிய செக்யூரிட்டி, பையைக் கவிழ்த்து ஒவ்வொரு ஸ்பானரையும் திருப்பிப் பார்த்தான். இதெல்லாம் யார்டு சாமான் இல்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டான். சாவியோ ஓடிவந்து சத்தம்போட்ட பிறகுதான் விட்டான்.

"நீ வூட்டுக்குப் போ நைனா. வெயில்ல நிக்காத," என்றான் சாவியோ. அவன் கண்கள் நீலமேகத்தின் கண்களில் நிற்கவில்லை. கோட்டுக்கு மேலே இருப்பவனுக்கு வந்துவிட்ட ஒரு கூச்சம் அது.

நீலமேகம் போகவில்லை. கேட்டுக்கு எதிரே, துறைமுகத்துக்குப் போக வரிசையில் நின்ற டிரெய்லர்களின் நிழலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்றார். யார்டு வாசலிலிருந்து சாலைக்கு ஏறும் இடம் செங்குத்தான மேடு. அதைத் தாண்டி நூறு கெஜத்தில் பாலம். இரண்டும் அவர் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தன. அனல்மின் நிலையப் பக்கமிருந்து வந்த காற்று சாம்பலைக் கொண்டுவந்து சைக்கிள் சீட்டில் படியவைத்தது. அதை அவர் துடைத்தார். மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தார். கார் வெளியே வருவதைப் பார்க்கத்தான் நிற்கிறோம் என்று அவர் தனக்குத் தானே ஒப்புக்கொள்ளவில்லை.

போன் அடித்தது. மகள் கார்குழலி.

"நைனா, லிஸ்டு போட்டாங்களா? இவரு போன எடுக்கவே மாட்டேங்கறாரு."

"மாப்ளைக்கு ஆயிட்ச்சிம்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப இவரோட இஎஸ்ஐ ஆஸ்பத்திரி கார்டு செல்லும் இல்ல நைனா? வர வியாழக்கிழமை அட்மிட் ஆவ சொல்லிக்கிறாங்க. வயித்துல குழந்தையச் சுத்தித் தண்ணி கம்மியா கீதாம். கார்டு இல்லன்னா வேற எங்கனா பாத்துக்கன்னுட்டாங்க. காலையிலேந்து வயித்துல நெருப்பக் கட்டிக்கினு ஒக்காந்துகினு கீறேன்."

"செல்லும். பயப்படாத."

"உனக்கு?"

"பெரியவங்களுக்கு அப்பால சொல்லுவாங்களாம்."

"உனக்கு இல்லாமலா," என்றாள் அவள். "இவரே எப்பவும் சொல்லுவாரு, அந்த ஷெட்ல மாமா கைமாரி கை எவனுக்கும் கெடையாதுன்னு."

அவர் போனை வைத்தபோது கேட் திறந்தது. மாருதி வெளியே வந்தது. அறிவுதான் ஓட்டினான். பின்சீட்டில் நர்மதா, காதில் ஒயர் மாட்டிக்கொண்டு, மடியில் கைக்கணினியோடு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. ஏசி போட்டிருக்கிறார்கள்.

மேட்டில் பாதி ஏறியதும் வண்டி உதறியது. ஒரு முறை. அறிவு மிதித்தான். மறுபடி இரண்டு உதறல், வயிற்றில் குத்து வாங்கியவன்போல. மேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்து, டிரெய்லர் வரிசையின் ஓரத்தில், நீலமேகத்துக்கு இருபது அடி தள்ளி அணைந்து நின்றது.

நீலமேகத்தின் நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தது. அவர் சொன்னதை வண்டியே நடுரோட்டில் எழுந்து நின்று சொன்னதுபோல இருந்தது.

அறிவு சாவியைத் திருகினான். கிளம்பியது, மிதித்ததும் செத்தது. மறுபடி திருகினான். பின்சீட்டில் நர்மதா நிமிர்ந்து பார்த்து, ஒரு கையால் 'என்ன' என்று கேட்டுவிட்டு மறுபடி பேச்சில் இறங்கினாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். அறிவு இறங்கி பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினான். குனிந்தான். உள்ளே கை வைக்காமல் நின்றான். பிறகு தலையைத் திருப்பி, மாமனார் நிற்பதைப் பார்த்தான்.

அவன் கூப்பிடவில்லை. ஒரு முறை கூப்பிட்டிருந்தால் நீலமேகம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். அவன் வெறுமே பார்த்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நடுவில் சாவியோ இல்லை.

நீலமேகம் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தார். ஸ்டாண்டை எடுத்தார். ஏறி மிதித்தால் போதும். அந்தப் பெண் எழுதுவாள். எழுதுகிற பெண்தான் அவள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாளைக்கு அவர் பெயர் கோட்டுக்கு மேலே போகும். மருமகனை இறக்கிவிட்டு மாமனார்காரன் ஏறினான் என்று அவர் குடியிருக்கும் கண்ணப்பர் நகர் பிளாக்கில் நான்கு மாடியும் பேசும். வியாழக்கிழமை கார்குழலி அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பாள். கவுண்ட்டரில் திருப்பிக் கொடுப்பார்கள்.

ஸ்டாண்டை மறுபடி போட்டார். பையை எடுத்துக்கொண்டு டிரெய்லர்களை ஒட்டியே நடந்து, திறந்த பானெட்டுக்கு முன்னால் வந்தார். தூக்கி நின்ற பானெட் அவரை முழுதாக மறைத்தது.

"மாமா, நான் வந்து..."

"பிளக் ஸ்பானர எடு," என்றார் நீலமேகம்.

அறிவு திகைத்தான். ஆறு வருஷத்தில் இந்த மாமனார் அவனிடம் முதல்முறையாகச் சொன்ன ஏவல். அவன் பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தான்.

ஒயரைப் பிடுங்கி முதல் பிளக்கைக் கழற்றினார். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. துணி தேட நேரம் இல்லை. சட்டை முனையால் பிடித்தார், அதையும் மீறிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொரிந்தன. ரேடியேட்டர் சட்டத்தில் பிளக்கின் கம்பி முனையை ஒரு தட்டு. பிளேடு. இன்னொரு தட்டு. பிளேடு உரசியது. மாட்டினார். இரண்டாவது. மூன்றாவது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து இன்ஜின்மேல் விழுந்து சுர்ரென்றது. கண்ணாடி இறங்கிய ஜன்னல் வழியே நர்மதாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நாளைக்கு வேறு ஒரு யார்டு, அங்கே இருபது பேர், எட்டு பேர் போதும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உள்ளாற எனக்கு வேற வழி தெரியல மாமா," என்று அறிவு முணுமுணுத்தான். "குழலிய நெனச்சிக்கினேன்."

நீலமேகம் கடைசி ஒயரை அழுத்தினார். க்ளிக் என்று உட்கார்ந்தது.

"பிளக்குல கை வெச்சேன்னு சொல்லாத," என்றார். "ஒயரு லூஸா இருந்துச்சின்னு சொல்லு."

அதைச் சொல்லிவிட்டுப் பின்னோக்கியே நடந்து டிரெய்லர் சக்கரத்தின் பக்கம் ஒதுங்கினார். அறிவு பானெட்டை இறக்கினான். நர்மதா காதிலிருந்து ஒயரை எடுத்திருந்தாள்.

"என்ன ஆச்சு? பிளக்கா? அந்தப் பெரியவர் சொன்ன மாதிரியே மேட்டுலதானே நின்னுச்சு."

"இல்ல மேடம். காயில் ஒயரு லூஸாயிட்ச்சி. அழுத்திட்டேன்."

"நிஜமாவா? யோசிச்சு சொல்லுங்க. நான் எழுதணும்."

டிரெய்லர் சக்கரத்தருகே நீலமேகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிளக்கு கரெக்டாத்தான் கீது மேடம்," என்றான் அறிவு. "பாலத்துல ஏத்திக் காட்டறேன், பாருங்க."

அவன் வண்டியைக் கிளப்பினான். ஒரே திருகலில் கிளம்பியது. கண்ணாடி ஏறியது, ஏசி போட்டதும் சத்தம் அரைக் கணம் தாழ்ந்து, உடனே எழுந்து நின்றது. மாருதி டிரெய்லர்களைச் சுற்றிக்கொண்டு பாலத்தில் ஏறியது. நீலமேகம் கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டார். பாதிப் பாலம். முக்கால் பாலம். ஒரு இடத்தில்கூட உதறவில்லை. பாய் விரித்ததுபோல அந்தச் சத்தம் உச்சிவரை போய், லாரி ஹாரன்களுக்குள் கரையத் தொடங்கியது. கண்ணைத் திறந்தபோது, உச்சியைத் தாண்டும் பின்கண்ணாடியில் அந்தப் பெண்ணின் தலை குனிந்திருந்தது தெரிந்தது. அவள் எழுதிக்கொண்டிருந்தாள்; பிளக்கில் குறையில்லை என்றுதான் இருக்கும்.

பிளேடைத் துணியில் சுற்றப் பார்த்தார். வெந்த இரண்டு விரல்களும் மடங்கவில்லை. இடது கையால் சுற்றிப் பையில் போட்டார்.

கேட்டிலிருந்து விசில் சத்தம் வந்தது. புதிய செக்யூரிட்டி தடியை நீட்டிக்கொண்டிருந்தான்.

"பெரியவரே! உங்களைத்தான். கேட் பக்கத்துல வெளி ஆளுங்க நிக்கக் கூடாது. தள்ளிப் போங்க."

நீலமேகம் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். முதுகை நிமிர்த்தி, சைக்கிளை ஒரு கையால் உருட்டினார். இன்னொரு கையைச் சாம்பல் காற்றில் விரித்துப் பிடித்துக்கொண்டே நடந்தார். உள்ளங்கையில் பதிமூன்று இன்னும் அழியவில்லை.